காப்பிச் சக்கையும் வீட்டுத் தோட்டமும்

பொழுது புலருமுன்பே தோட்டத்து வீடுகளில் அடுப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. பிரட்டுக்குப் புறப்படும் ஆடவரும் பெண்டிரும் ஒரு குவளைச் சூடான காப்பியைப் பருகிய பின்னரே உளியையும் வாளியையும் கையில் எடுக்கின்றனர். பால் வெட்டு முடிந்து திரும்பியதும் மீண்டும் ஒரு குவளை. மாலையில் கடைத்தெருவுக்குச் சென்றால் அங்கேயும் நண்பர்களோடு ஒரு குவளை. காப்பி நம் மக்களின் வாழ்வோடு அத்துணை நெருங்கிய உறவு கொண்டுவிட்டது.

ஆனால், காப்பியை வடித்த பின்னர்த் துணிப் பையில் எஞ்சும் கரிய சக்கையை என்ன செய்கிறோம்? பெரும்பாலோர் அதனைப் பின்கட்டுக் கால்வாயில் கொட்டிவிடுகின்றனர். அல்லது மற்றக் குப்பையோடு சேர்த்துக் கட்டி வீசிவிடுகின்றனர். கால்வாயில் கொட்டிய சக்கை எண்ணெய்ப் பிசுக்கோடு கலந்து கெட்டியாகி நீரோட்டத்தைத் தடுக்கிறது. தேங்கிய நீரில் கொசு பெருகுகிறது. குப்பையோடு வீசிய சக்கையோ வேறொரு தீமைக்குத் துணைபோகிறது. அத்தீமை யாது என்பதையும், அதே சக்கையை முறையாகப் பயன்படுத்தினால் கிட்டும் நன்மை யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

குப்பை எங்கே போகிறது?

நிபோங் திபால் வட்டாரத்தில் வாழும் நமக்கு இக்கேள்வி பிறரைவிட நெருக்கமானது. நிபோங் எனும் முட்பனை அடர்ந்து வளர்ந்த இடம் என்பதனால் இவ்வூருக்கு அப்பெயர் வாய்த்தது. கிரியான் ஆறும் கடலோரக் காடும் சூழ்ந்த இப்பகுதியில்தான் புலாவ் புரோங் குப்பை நிலமும் அமைந்துள்ளது. பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் நாள்தோறும் சேரும் வீட்டுக் குப்பை இங்கே கொண்டுவந்து கொட்டப்படுகிறது. ஜார்ஜ் டவுன் காப்பிக் கடையில் வடித்த சக்கையும், நம் வீட்டுச் சமையலறைக் கழிவும் இறுதியில் இங்கேதான் ஒன்று சேர்கின்றன.

2022ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அந்தக் குப்பை மேட்டில் தீப்பற்றியது. மேற்பரப்பில் அணைத்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருந்தமையால் புகை பல நாள்கள் ஓயவில்லை. அருகிலிருந்த பைராம் தோட்டத்து மக்கள் தம் வீடுகளை விட்டுத் தற்காலிகத் துயர்துடைப்பு நிலையத்திற்குச் செல்ல நேர்ந்தது. பிறர் ஊரில் சேர்ந்த குப்பையின் புகையை நம்மவர் சுவாசித்தனர்.

குப்பை மேடு ஏன் இவ்வாறு உள்ளே கனல்கிறது? நம் நாட்டு வீட்டுக் குப்பையில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது உணவுக் கழிவே ஆகும். சோறு, காய்கறித் தோல், மீன் கழிவு, தேயிலை, காப்பிச் சக்கை ஆகியவை குப்பைக்கு அடியில் காற்றுப்படாமல் அழுகும்போது மீத்தேன் எனும் வாயு உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றக் கூடியது. காற்று மண்டலத்தை வெப்பமாக்குவதில், 100 ஆண்டுக் காலக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 28 மடங்கு வலிமை உடையது. அழுகிய கழிவிலிருந்து வடியும் கறுப்பு நீரும் மண்ணையும் நீர்நிலையையும் கெடுக்க வல்லது.

பினாங்கு மாநிலம் 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல், குப்பையை வீட்டிலேயே பிரித்து வைக்கும் கொள்கையை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. தாள், நெகிழி, தகரம் முதலியவற்றைத் தனியே வைக்க மக்கள் பழகி வருகின்றனர். ஆனால், மக்கும் கழிவை வீட்டிலேயே எருவாக்கும் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. அப்பழக்கத்தைத் தொடங்குவதற்குக் காப்பிச் சக்கை மிகவும் ஏற்ற பொருள். அதில் எலும்பில்லை, கொழுப்பு மிகுதியில்லை, கெட்ட வாடையும் இல்லை. கையாள்வது எளிது.

காப்பியும் நம் முன்னோரும்

காப்பிக்கும் தமிழ்த் தோட்டத் தொழிலாளருக்கும் உள்ள தொடர்பு குடிப்பதோடு நின்றதன்று. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இலங்கை மலைநாட்டுக்குச் சென்றவர்கள் முதலில் உழைத்தது காப்பித் தோட்டங்களிலேதான். 1869ஆம் ஆண்டு அங்கே தென்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபதாண்டுகளில் காப்பிப் பயிரை அழித்துவிட்டது. அதன் பின்னரே தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.

மலாயாவிலும் 1890ஆம் ஆண்டுகளில் சிலாங்கூர், பேராக் பகுதிகளில் காப்பி முக்கியமான தோட்டப் பயிராக விளங்கியது. பிரேசில் நாட்டில் விளைச்சல் பெருகி உலகச் சந்தையில் விலை வீழ்ந்தபோது, தோட்ட முதலாளிகள் காப்பியைக் கைவிட்டு இரப்பருக்கு மாறினர். நம் நிபோங் திபால் வட்டாரமோ கரும்புத் தோட்டங்களாக இருந்து பின்னர் இரப்பருக்கு மாறிய பகுதியாகும். இன்று அவற்றுள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பயிர் மாறியபோதெல்லாம் முதலில் பாதிக்கப்பட்டவர் தொழிலாளரே. கையில் ஒரு பிடி எருவும் கொல்லையில் நான்கு செடியும் உள்ள குடும்பம் அத்தகைய காலங்களைச் சற்றே எளிதாகக் கடந்திருக்கிறது. 1974ஆம் ஆண்டில் துன் அப்துல் ரசாக் காலத்தில் தொடங்கப்பெற்ற பசுமைப் புத்தகத் திட்டம், வீட்டைச் சுற்றியுள்ள வெற்று நிலத்தில் காய்கறி பயிரிடுமாறு நாட்டு மக்களை ஊக்குவித்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சக்கையில் இருப்பது என்ன?

காப்பித் தூளை வெந்நீரில் வடிக்கும்போது, அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே நீரில் கரைந்து நம் குவளைக்கு வருகிறது. எஞ்சிய நான்கு பங்கும் சக்கையாகத் தங்கிவிடுகிறது. நம் நாட்டுக் காப்பித் தூள் இதில் சற்று வேறுபட்டது. இங்கே காப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பது வழக்கம். அச்சீனி வடிக்கும்போது பெரிதும் கரைந்துவிடுவதால் சக்கையின் அளவு சற்றுக் குறையும். எஞ்சும் சக்கையில் சிறிது இனிப்பும் ஒட்டியிருக்கும்.

உலர்ந்த சக்கையில் சுமார் 2 விழுக்காடு தழைச்சத்து உண்டு. இலையும் தண்டும் வளர்வதற்கு வேண்டிய சத்து அதுவேயாகும். சாம்பல் சத்தும் மணிச்சத்தும் சிறிய அளவில் உள்ளன. ஆயினும், இச்சத்துகள் கடையில் வாங்கும் உரத்தைப் போல் உடனே செடிக்குக் கிட்டுவதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சக்கையைச் சிதைத்த பின்னரே சிறிது சிறிதாக வெளிப்படுகின்றன. அன்றியும், சக்கை மண்ணைப் பொலபொலப்பாக்கி, நீரைப் பிடித்து வைக்கிறது. தோட்டத்து வீட்டைச் சுற்றியுள்ள இறுகிய செம்மண்ணுக்கு இது பெரிதும் வேண்டிய குணமாகும்.

சக்கை மிகுந்த புளிப்புத் தன்மை உடையது என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. புளிப்பில் பெரும்பகுதி காப்பி நீரோடு போய்விடுகிறது. எஞ்சும் சக்கை பெரும்பாலும் நடுநிலைக்கு அண்மையிலேயே இருக்கிறது.

பச்சையாக இடலாகாது

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘காப்பிச் சக்கை நல்ல உரம்’ என்று கேள்விப்பட்டவுடன், வடித்த சக்கையை அப்படியே செடியின் வேரடியில் கொட்டுவோர் உளர். நாள் செல்லச் செல்லச் செடி வாடி நிற்பதைக் கண்டு, எரு பொய்த்துவிட்டது என்று கைவிட்டுவிடுகின்றனர். பிழை சக்கையினுடையதன்று, இட்ட முறையினுடையது.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், மக்காத சக்கையை நேரே மண்ணில் கலந்து முள்ளங்கி, சூரியகாந்தி உள்ளிட்ட ஐவகைச் செடிகளை வளர்த்துப் பார்த்தனர். சக்கை கலந்த மண்ணில் எல்லாச் செடிகளும் குன்றியே வளர்ந்தன. சக்கையில் எஞ்சியுள்ள காஃபீன் முதலிய பொருள்கள் இளம் வேரின் வளர்ச்சியைத் தடுக்க வல்லவை. மேலும், நுண்ணுயிர்கள் பச்சைச் சக்கையைச் சிதைக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்வதால் செடிக்குப் பற்றாக்குறை ஏற்படலாம். மேற்பரப்பில் கனமாகப் பரப்பினாலோ, சக்கை ஓடு போல் இறுகி, மழைநீர் உள்ளே இறங்காமல் தடுத்துவிடும்.

ஆகவே, சக்கையை முதலில் மக்கவைத்தல் வேண்டும். மக்கும்போது இக்குறைகள் பெரிதும் நீங்கிவிடுகின்றன. நாற்றுத் தொட்டியிலும் விதைப் பாத்தியிலும் மக்காத சக்கையை ஒருபோதும் சேர்த்தலாகாது.

எரு தயாரிக்கும் முறை

எருக் குவியலில் வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்கு இருவகை உணவு வேண்டும். ஒன்று, கரிச்சத்து மிகுந்த உலர்ந்த பொருள்; மற்றொன்று, தழைச்சத்து மிகுந்த ஈரப் பொருள். கரிச்சத்து 25 முதல் 30 பங்கும் தழைச்சத்து 1 பங்குமாக அமைந்தால் குவியல் விரைவில் மக்கும். காப்பிச் சக்கையில் இவ்விகிதம் ஏறக்குறைய 20க்கு 1 ஆகும். நிறம் கறுப்பாயினும் இது தழைச்சத்துப் பொருளே. காய்ந்த இலையிலோ கரிச்சத்து மிகுதி. இரண்டையும் தக்கவாறு கலப்பதே எருவாக்கும் கலை.

இரப்பர்த் தோட்டத்தில் காய்ந்த இலைக்குப் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரப்பர் மரம் இலையுதிர்க்கிறது. அக்காலத்தில் பால் குறைகிறது. பால் குறைவதால் வருமானமும் குறைகிறது. ஆனால், எருவுக்கு வேண்டிய இலை அப்போதுதான் கால் புதையக் கிடக்கிறது. அந்நாள்களில் குவியலைத் தொடங்கினால் மே மாத வாக்கில் எரு கைக்கு வந்துவிடும். செய்முறை வருமாறு:

1. நிழலான, நீர் தேங்காத ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்க. தோட்ட நிலமாயின் நிர்வாகத்தின் இசைவைப் பெற்றுக்கொள்க. பழைய பலகையால் 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரமுள்ள அடியில்லாப் பெட்டி ஒன்றை அமைக்கலாம். இடம் குறைவாயின், பக்கங்களிலும் அடியிலும் துளையிட்ட பழைய நெகிழித் தோம்பு போதும். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ இருந்த தோம்பைப் பயன்படுத்தலாகாது.

2. அடியில் ஒரு சாண் உயரத்திற்குச் சிறு சுள்ளிகளைப் பரப்புக. காற்று உள்ளே செல்ல இது வழி செய்யும்.

3. அதன்மேல் 3 கூடை காய்ந்த இலை, 1 கூடை காப்பிச் சக்கை, 1 கூடை காய்கறிக் கழிவு என்ற அளவில் அடுக்குக. இலையைக் கையால் நொறுக்கி இட்டால் விரைவில் மக்கும். மொத்தக் குவியலில் சக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாதிருத்தல் நன்று.

4. ஒவ்வோர் அடுக்கின்மேலும் ஒரு கைப்பிடி மண்ணையோ பழைய எருவையோ தூவுக. வேண்டிய நுண்ணுயிர்கள் அதில் உள்ளன.

5. நீர் தெளிக்க வேண்டும். ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தால், பிழிந்த துணியைப் போல் ஈரமாயிருக்க வேண்டுமேயன்றி நீர் ஒழுகலாகாது.

6. மேலே பழைய தகரமோ சாக்கோ போட்டு மூடுக. நம் நாட்டுப் பெருமழை நேரே விழுந்தால் சத்துக் கரைந்தோடிவிடும். குவியலும் அழுகி நாறும்.

7. வாரம் ஒருமுறை கிளறி விடுக. முதல் இரு வாரங்களில் உள்ளே கைவைக்க முடியாத அளவு சூடேறினால் குவியல் நன்றாக வேலை செய்கிறது என்று அறிக. களை விதைகளையும் நோய்க் கிருமிகளையும் அவ்வெப்பம் பெரும்பாலும் அழித்துவிடும். சிறு தோம்பில் இவ்வளவு சூடு ஏறாது. ஆயினும் எரு ஆகும், நாள்தான் கூடும்.

8. இரண்டு அல்லது மூன்று மாதங்களில் குவியல் பாதியாய்க் குறைந்து, கறுத்துப் பொலபொலவென்று மண்வாசனை வீசும்.

மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம், பால் கலந்த காப்பி ஆகியவற்றை இதில் சேர்க்க வேண்டா. அவை எலியையும் ஈயையும் அழைத்து வரும். தேயிலைச் சக்கையைத் தாராளமாகச் சேர்க்கலாம். காப்பித் தூள் சிறு பைகளில் வருவதாயின் பையைக் கிழித்துச் சக்கையை மட்டும் இடுக. பைகளிற் சில நெகிழி இழை கலந்தவை, அவை மக்குவதில்லை.

இலை சேர்ப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். 2017ஆம் ஆண்டு வாக்கில் நம் நாட்டில் தென்பட்ட புதிய இலை உதிர்வு நோய், பூஞ்சணத்தால் வருவது. வட்ட வட்டமான கருகிய புள்ளிகளோடு பருவமல்லாத காலத்தில் இலை கொட்டுமாயின், அவ்விலையை வேறு தோட்டத்திற்கோ வேறு நிரைக்கோ கொண்டுசெல்ல வேண்டா. தோட்ட அலுவலரிடம் உடனே தெரிவித்துவிடுங்கள்.

எரு முற்றியதா?

இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு சிரட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் மண்ணையும், மற்றொன்றில் பாதி மண்ணும் பாதி எருவும் கலந்து இடுங்கள். இரண்டிலும் பத்துப் பத்துப் பச்சைப் பயறுகளை ஊன்றி நீர் தெளியுங்கள். ஐந்தாறு நாள்களில் இரண்டிலும் ஒன்றுபோல் முளைத்துச் செழித்தால் எரு முற்றிவிட்டது. எருவிட்ட சிரட்டையில் முளை குன்றியிருந்தால், குவியலை இன்னும் இரண்டு மூன்று வாரம் விட்டுவைத்தல் வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் இச்சோதனையை ஒப்படைத்தால், அவர்களுக்கு அது ஓர் அறிவியல் பாடமாகவும் அமையும்.

முற்றிய எருவை, 3 பங்கு மண்ணுக்கு 1 பங்கு என்ற அளவில் கலந்து தொட்டியில் இடலாம். நிலத்தில் நிற்கும் மிளகாய், கத்தரி, வெண்டி ஆகியவற்றுக்கு மாதம் ஒருமுறை செடிக்கு இரண்டு கைப்பிடி போதும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு மண்ணால் மூடுக. கீரைப் பாத்திக்கு இவ்வெரு மிகவும் ஏற்றது. முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் இடலாம்.

ஒரு கணக்கு

எதனையும் மிகைப்படுத்திச் சொல்லுதல் நன்றன்று. ஆகவே ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பம் மாதம் அரைக் கிலோ காப்பித் தூள் பயன்படுத்துகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 6 கிலோ ஆகிறது. சீனி கரைந்து போனது நீங்கலாக, உலர்ந்த சக்கை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எஞ்சலாம். அதில் தழைச்சத்து 70 கிராம். கடையில் விற்கும் யூரியா உரத்தில் 46 விழுக்காடு தழைச்சத்து உள்ளது. அப்படியாயின், ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சக்கை 150 கிராம் யூரியாவுக்கே சமம்.

‘இவ்வளவுதானா?’ என்று கேட்கத் தோன்றும். உண்மைதான், சக்கை மட்டும் தனியே பெரும் செல்வமன்று. ஆனால், நாள்தோறும் 3 கிலோ தூள் வடிக்கும் காப்பிக் கடை ஒன்றை எண்ணிப் பாருங்கள். இதே கணக்குப்படி அக்கடையிலிருந்து ஓராண்டில் 600 கிலோவுக்கு மேற்பட்ட உலர்ந்த சக்கை கிடைக்கும். அதிலுள்ள தழைச்சத்து ஏறத்தாழ 28 கிலோ யூரியாவுக்கு ஈடாகும். அக்கடைக்காரர் அதனைக் குப்பையில்தான் போடுகிறார். மூடியுள்ள வாளி ஒன்றைக் கொடுத்து, ‘சக்கையை இதில் போட்டு வையுங்கள்; ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து எடுத்துக்கொள்கிறோம்’ என்று பணிவாய்க் கேட்டால் மறுப்பவர் அரிது. வாங்கிய சக்கையை இரண்டு நாளுக்குமேல் ஈரமாக வைத்திருக்க வேண்டா, பூசணம் பிடிக்கும். உடனே குவியலில் சேர்த்துவிடுதல் நன்று. இயலாவிடில் வெயிலில் பரப்பி உலர்த்தி வையுங்கள். இனிப்பு ஒட்டியிருப்பதால் எறும்பு மொய்க்கும். காப்பிச் சக்கை எறும்பை விரட்டும் என்ற பேச்சு நம் நாட்டுச் சீனிக் காப்பிக்குப் பொருந்தாது.

கொசுவும் காப்பியும்

2003ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள், டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்கள் காப்பிச் சக்கை மிகுந்த நீரில் முழு வளர்ச்சி பெறுவதில்லை என்று கண்டனர். இதனைக் கேட்டுச் சிலர், நீர்ச் சாடியில் சிறிது சக்கையைப் போட்டுவிட்டால் அச்சமில்லை என்று நம்பிவிடுகின்றனர். அந்நம்பிக்கை ஆபத்தானது. ஆய்வில் பயன்பட்ட அடர்த்தி வேறு. மழைநீர் கலந்து நீர்த்துப்போகும் நம் பூந்தொட்டித் தட்டின் நிலை வேறு. தேங்கிய நீரைக் கொட்டிவிடுவதே உறுதியான வழி. பால் வெட்டாத நாள்களில் மரத்துக் கிண்ணங்களைக் கவிழ்த்து வைப்பதும் இக்காரணம் பற்றியே. நிறுத்திவைத்த நிரைகளில் நிமிர்ந்து நிற்கும் கிண்ணங்கள் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகின்றன.

நத்தையைப் பற்றியும் ஒரு சொல். காஃபீன் கரைசல் நத்தையைக் கொல்ல வல்லது என்று ஹவாய்த் தீவில் நடந்த ஆய்வு 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. வடித்த சக்கையில் அத்துணைக் காஃபீன் இல்லை. ஆதலின், அதனை மட்டும் நம்பியிராமல் நத்தையை மாலையில் கையால் பொறுக்கி அகற்றுவதே சிறந்தது. அப்போது கையுறையோ நெகிழிப் பையோ அணிந்துகொள்க.

வீட்டில் பிற பயன்கள்

ஒட்டுப்பாலைக் கையாண்டு வந்த கையில் ஒட்டிக்கொள்ளும் வாடையை நாமறிவோம். சவர்க்காரத்தோடு ஒரு கரண்டி காப்பிச் சக்கையைச் சேர்த்துத் தேய்த்தால் அழுக்கு நன்கு அகலும்; வாடையும் குறையும். கையில் உளிக் காயம் இருந்தால் மட்டும் இதனைத் தவிர்க்க வேண்டும். சட்டியின் அடிப்பிடித்த கரியைத் தேய்க்கவும் சக்கை உதவும். தேய்த்த பின்னர் அதனை வடிகட்டி எடுத்துவிடுக. கால்வாய்க்குள் போக விடலாகாது.

நாய்க்கும் கோழிக்கும் போடும் உணவில் காப்பிச் சக்கையைக் கலக்கவே கூடாது. காஃபீன் அவற்றுக்கு நஞ்சாகும். எருக் குவியலையும் நாய் கிளறாதவாறு மூடி வையுங்கள்.

பிற நாடுகளில்

நாம் வீசியெறியும் இச்சக்கையை உலகெங்கும் அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தார், சக்கையில் 10 முதல் 15 விழுக்காடு வரை எண்ணெய் இருப்பதையும், அதிலிருந்து வாகனங்களுக்கான எரிபொருள் செய்ய இயலும் என்பதையும் 2008ஆம் ஆண்டு காட்டினர். மெல்பர்ன் நகரின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார், காற்றில்லாமல் 350 பாகை வெப்பத்தில் கரியாக்கிய சக்கையை, மணலில் 15 விழுக்காட்டுக்கு மாற்றாகச் சேர்த்தபோது கான்கிரீட்டின் வலிமை ஏறக்குறைய 30 விழுக்காடு கூடியதாக 2023ஆம் ஆண்டு அறிவித்தனர். வெந்நீரிட்டால் முற்றும் கரைந்துவிடும் காப்பித் தூளைச் செய்யும் ஆலைகளில் சக்கை மலைபோல் குவிகிறது. அவற்றுட் பல அதனையே கொதிகலனுக்கு எரிபொருளாக்குகின்றன. காளான் வளர்ப்போரும் சக்கையைப் பயன்படுத்துகின்றனர். நம் நாட்டில் அவர்கள் பெரிதும் நம்பியிருப்பது இரப்பர் மரத்தூளையே. பால் தந்து ஓய்ந்த மரம் வீழ்ந்த பின்னும் தூளாகி உணவு விளைவிக்கிறது. அதுவே மறுபயன்பாட்டின் தத்துவமாகும்.

இவ்வாலைகளும் ஆய்வுக்கூடங்களும் நம் கையில் இல்லை. ஆனால், தகரம் மூடிய ஒரு பெட்டியும் ஒரு மண்வெட்டியும் நம் கைக்கு எட்டியவை. நெடுங்காலமாக இயற்கை வேளாண்மையையும் வீட்டு எருவையும் வலியுறுத்தி வரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடம் மேலும் விளக்கம் கேட்டறியலாம்.

முடிவாக ஒரு சொல்

தோட்டத் தோழர்களே, தாய்மார்களே! நாம் குடியிருக்கும் வீடும் அதனைச் சூழ்ந்த நிலமும் நம்முடையன அல்ல என்பதால், ‘இதில் உழைத்து என்ன பயன்?’ என்று சோர்வோர் நம்மில் உண்டு. அச்சோர்வு இயல்பானதே. ஆயினும், தொட்டியில் வளர்த்த செடியும், பெட்டியில் சேர்த்த எருவும், கையில் பழகிய தொழிலும் நம்முடையவை. நாளை வீடு மாற நேர்ந்தாலும் அவை நம்மோடு வரும். அடுக்குமாடி வீட்டின் சிறு முற்றத்திலும் அவற்றால் நான்கு மிளகாய்ச் செடியும் ஒரு பாத்தி கீரையும் விளையும்.

ஒரு லயத்தில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே குவியலைத் தொடங்கினால் வேலை பகிரப்படும்; குவியலும் நன்றாகச் சூடேறி விரைவில் மக்கும். வாரத்துக்கு ஒரு குடும்பம் எனக் கிளறும் பணியை முறைவைத்துக்கொள்ளலாம். ஆலயத் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் பெருமளவில் காப்பி வடிக்கும்போது சேரும் சக்கையையும் தவறாமல் பெற்றுக்கொள்ளலாம். தமிழ்ப்பள்ளியில் ஒரு சிறு தோட்டம் இருக்குமாயின் எருவில் ஒரு பங்கை அங்கே அளிக்கலாம்.

நம் ஊர் எல்லையிலுள்ள குப்பை மேட்டை நாம் ஒருவராய் அகற்றிவிட இயலாது. ஆனால், அதன்மேல் நாள்தோறும் ஏறும் சுமையில் நம் வீட்டுப் பங்கைக் குறைத்துக்கொள்ள நம்மால் இயலும். பைராம் தோட்டத்து மக்கள் புகைக்கு அஞ்சி வீட்டை விட்டுப் புறப்பட்ட நாள்களை மனத்தில் கொண்டு, நாளைக் காலை வடிக்கும் காப்பியின் சக்கையைக் கால்வாயில் கொட்டாமல் ஒரு வாளியில் எடுத்து வையுங்கள். தொடக்கம் அவ்வளவே. மற்றதை நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும்.

நினைவிற் கொள்க

சக்கையைக் கால்வாயில் கொட்டலாகாது.
மக்காத சக்கையை நாற்றுக்கும் இளஞ்செடிக்கும் இடலாகாது.
3 கூடை காய்ந்த இலை, 1 கூடை சக்கை, 1 கூடை காய்கறிக் கழிவு என்பதே அளவு.
மழை படாமல் மூடுக. வாரம் ஒருமுறை கிளறுக.
பயறு முளைத்தால் எரு முற்றியது எனத் தெளிக.
தேங்கிய நீரைக் கொட்டுவதற்கு மாற்று வேறில்லை.